மயில்மீன் விற்கப் போகிற பெண்: வாசகர் கேள்வி – பதில்

ஆப்பிரிக்கத் தொன்மங்களிலிருந்து கிளைத்த இளையோர் ஃபேன்டஸி நாவல்களைப் பற்றி, தொண்டி முதல் சாயல்குடி வரை ராமநாதபுரம் கடலோர ஊர்களிலிருந்து வந்த கடிதங்களுக்கு இந்த இதழில் பதில் சொல்கிறோம்.

கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். ஆங்கிலம் புரியும், வேகமாகப் படிக்க வராது. இந்த வகையில் எந்த நாவலில் தொடங்கலாம்? தோழிகள் எல்லோரும் ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’ என்கிறார்கள்.
– மாணவி, ராமேஸ்வரம்

டோமி அடெயெமி 2018இல் எழுதிய அந்த நாவல் அருமையானது. ஆனால் முதல் நாவலாக அதை எடுக்காதீர்கள். 500 பக்கத்துக்கு மேல் போகும். மூன்று பேர் மாறி மாறி ‘நான்’ என்று கதை சொல்வார்கள். பத்து மந்திரக் குலங்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு தெய்வம். இந்த வகைக்கே புதியவர் அதில் நேராக இறங்கினால் நூறாவது பக்கத்தில் மூடி வைத்துவிடுவார்.

நெடி ஒகோராஃபோரின் ‘அகாட்டா விட்ச்’ (2011) உங்களுக்குச் சரியாக இருக்கும். சுமார் 350 பக்கம், வாக்கியங்கள் குட்டை. நாயகி சன்னிக்குப் பன்னிரண்டு வயது. இக்போ இனத்துப் பெற்றோருக்கு நியூயார்க்கில் பிறந்து, ஒன்பது வயதில் நைஜீரியாவின் அபா நகரத்துக்கு வந்தவள். பிறவியிலேயே நிறமி இல்லாத வெண்தோல் உடல்வாகு என்பதால் வெயிலில் கால்பந்து ஆட முடியாத ஏக்கம் அவளுக்கு. மந்திர உலகம் அவளுக்கும் புதிது. அதனால் எதையும் அவளுக்கு விளக்கும்போதே உங்களுக்கும் விளக்கிவிடுகிறார்கள். தொடக்க வாசகருக்கு இதைவிடப் பெரிய உதவி கிடையாது. நடுநடுவே ஒரு கையேட்டிலிருந்து எடுத்த பகுதிகள் தனியாக வரும். கதை ஓடட்டும் என்று அதைத் தாண்டிவிடாதீர்கள். அந்த உலகத்தின் சட்டதிட்டமெல்லாம் அதில்தான் இருக்கிறது.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். ‘அகாட்டா’ என்பது அமெரிக்கக் கறுப்பினத்தவரை நைஜீரியர்கள் சிலர் இழிவாகச் சொல்லும் சொல். அதனால் நைஜீரியாவிலும் பிரிட்டனிலும் இதே நாவல் ‘வாட் சன்னி சா இன் தி ஃப்ளேம்ஸ்’ என்ற பெயரில் வந்தது. இரண்டாம் பாகமான ‘அகாட்டா வாரியர்’ அங்கே ‘சன்னி அண்ட் தி மிஸ்டரீஸ் ஆஃப் ஒசீசி’ ஆயிற்று. வேறு கதை என்று நினைத்து இரண்டையும் வாங்கிக் காசை விட்டவர்கள் உண்டு.

படிக்கும்போது தெரியாத ஒவ்வொரு சொல்லுக்கும் அகராதியைத் திறக்காதீர்கள். பென்சிலால் ஓரத்தில் ஒரு புள்ளி வைத்துவிட்டு மேலே போங்கள். அத்தியாயம் முடிந்ததும், இரண்டு முறை புள்ளி வாங்கிய சொல்லுக்கு மட்டும் பொருள் பாருங்கள். மற்றதெல்லாம் போகப் போகத் தானே விளங்கிவிடும்.

நோட்டின் முதல் பக்கத்தில் ஒரு வரி எழுதி வையுங்கள்: இந்தக் கதை எந்த மக்களுடையது? ‘அகாட்டா விட்ச்’ என்றால் இக்போ. அடெயெமி என்றால் யொரூபா. சிலந்தி அனன்சி வந்தால் கானாவின் அகான் மக்கள். ஆப்பிரிக்காவில் 54 நாடுகள். நைஜீரியாவில் மட்டும் ஐந்நூறுக்கு மேல் மொழிகள். ‘ஆப்பிரிக்கத் தொன்மம்’ என்று ஒற்றை மூட்டையாகக் கட்டினால் எந்தச் சாமி எந்த ஊர்க்காரர் என்பதே தெரியாமல் போய்விடும். இதைத் தொடர்ந்து நடாஷா போவெனின் ‘ஸ்கின் ஆஃப் தி ஸீ’, அதன் பிறகு உங்கள் தோழிகள் சொன்ன நாவல் என்று போங்கள்.

மீன்பிடித் தடைக்காலத்தில் எங்கள் தெருப் பிள்ளைகள் எட்டுப் பேரை வைத்து அடெயெமியின் நாவலைப் படிக்கலாம் என்றிருக்கிறோம். எல்லோருக்கும் 14, 15 வயது. 61 நாளில் முடியுமா? எப்படிப் பிரித்துக்கொள்வது?
– நூலகத் தன்னார்வலர், தங்கச்சிமடம்

தாராளமாக முடியும். ஏப்ரல் 15இலிருந்து ஜூன் 14 வரை என்றால் எட்டரை வாரத்துக்குக் கொஞ்சம் கூட. வாரம் மூன்று நாள் கூடினால் 26 முறை வருகிறது. ஒரு தடவைக்கு 20 பக்கம் வைத்தால் 520 பக்கம். வாய்விட்டுப் படிக்கப் பக்கத்துக்கு இரண்டு நிமிடம், ஆக 40 நிமிடம். பிறகு 20 நிமிடம் பேச்சு. ஒரு மணி நேரத்துக்கு மேல் இழுத்தால் மறுநாள் ஆள் குறையும்.

எட்டுப் பிரதி வேண்டாம், நான்கு போதும். இருவருக்கு ஒரு புத்தகம். ஒருவர் படிக்கும்போது மற்றவர் விரல் வைத்து வரியைத் தொடரட்டும். பக்கம் முடிந்ததும் மாற்றிக்கொள்ளலாம். ஆளுக்கொரு புத்தகம் கொடுத்தால், தடுமாறுகிற பிள்ளை எங்கே நிற்கிறது என்பது யாருக்கும் தெரியாமல் போய்விடும்.

முதல் தடுமாற்றம் ‘நான்’ என்பதில் வரும். ஸெலி, அமாரி, இனான் ஆகிய மூவரும் தன் வாயால் கதை சொல்கிறார்கள். ஸெலி மந்திரக் குலத்துப் பெண். அமாரி அந்தக் குலத்தை ஒடுக்கிய அரசனின் மகள். இனான் அவன் மகன். அத்தியாயத்தின் தலைப்பில் பேசுபவரின் பெயர் இருக்கும், அதைப் பிள்ளைகள் பார்க்காமல் தாண்டிவிடுவார்கள். அதனால் மூவருக்கும் மூன்று நிறத்தில் காகிதத் துண்டு வெட்டி, அத்தியாயத் தொடக்கத்தில் செருகச் சொல்லுங்கள். ஒரு வாரத்துக்குப் பிறகு துண்டு தேவைப்படாது.

தொடக்கத்தில் ஒரு காட்சி வரும். ஸெலியின் அப்பா மீனவர். வெள்ளை முடியோடு பிறந்த அவள் குலத்துக்கு அரசன் வரியை ஏற்றிவிடுகிறான். கட்டாவிட்டால் கட்டாய உழைப்புக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். வீட்டில் இருப்பது அபூர்வமான ஒரு மயில்மீன். அதை எடுத்துக்கொண்டு அண்ணனோடு லாகோஸ் சந்தைக்குக் கிளம்புகிறாள். அந்த அத்தியாயத்தை மட்டும் ஒரு நாள் தனியாக ஒதுக்குங்கள். அவள் மீனை எப்படிக் காட்டுகிறாள், யாரிடம் முதலில் போகிறாள், விலையை எந்த இடத்தில் நிறுத்துகிறாள் என்று கேளுங்கள். கரையில் ஏலம் கூறுவதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் அந்தப் பேரத்தில் காண்பதை வேறு ஊர்ப் பிள்ளைகளால் காண முடியாது. தன்னால் இந்தப் புத்தகத்தைப் படிக்க முடியும் என்ற தைரியம் அன்றைக்குத்தான் அவர்களுக்கு வரும்.

யொரூபா மந்திரங்கள் மொழிபெயர்ப்பு இல்லாமல் வரும். நிறுத்திப் பொருள் தேட வேண்டாம். ஒருவர் உரக்கச் சொல்ல, மற்றவர்கள் திருப்பிச் சொல்லட்டும். பானி டர்பின் வாசித்த ஒலிப்புத்தகம் ஒன்று இருக்கிறது, ஏறத்தாழ 18 மணி நேரம் ஓடும். முழுவதும் கேட்க வேண்டியதில்லை; பெயர்கள் காதில் விழ முதல் அரை மணி நேரம் போதும்.

பாதிப் புத்தகத்தில் குழு உடையும். வேகமாகப் படிப்பவர்கள் வீட்டிலேயே முன்னே போய்விட்டு, அடுத்து யார் சாகிறார்கள் என்பதைச் சொல்லிவிடுவார்கள். முன்னே போகாதே என்று தடுத்துப் பயனில்லை. அவர்களிடம் வரைபட வேலையைக் கொடுங்கள். நாவலில் இலோரின் கடல்மேல் மிதக்கும் மீனவர் குடியிருப்பு. நிஜ இலோரின் கடலே இல்லாத உள்நாட்டு நகரம், நைஜீரியாவின் க்வாரா மாநிலத் தலைநகர். நாவலின் வரைபடத்தையும் நைஜீரியா வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, எந்த ஊர் எங்கே நகர்ந்திருக்கிறது என்று குறிக்கச் சொன்னால் வாயும் அடையும், வேலையும் நடக்கும்.

நீங்கள் எப்போதும் 60 பக்கம் முன்னே இருங்கள். பிற்பகுதியில் கடுமையான சித்திரவதைக் காட்சி ஒன்று வருகிறது. அதை வட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டாம். நடந்ததைச் சுருக்கமாக நீங்களே சொல்லிவிட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போகலாம்.

புத்தகத்தில் எழுத்துக்கு மேலே கோடு, கீழே புள்ளி எல்லாம் இருக்கிறது. அதை எப்படிப் படிப்பது சார்?
– 9ஆம் வகுப்பு மாணவன், பாம்பன்

நல்ல கேள்வி தம்பி. பெரியவர்களே அதைப் பார்க்காமல் தாண்டிப் போகிறார்கள்.

கீழே உள்ள புள்ளி எழுத்தின் ஒலியை மாற்றும். எஸ் எழுத்துக்குக் கீழே புள்ளி வந்தால் ‘ஷ’. ஓ எழுத்துக்குக் கீழே வந்தால், ஆங்கிலத்தில் ‘டாக்டர்’ என்று சொல்லும்போது வாய் திறக்குமே, அவ்வளவு திறக்க வேண்டும். ஈ எழுத்துக்குக் கீழே வந்தால் நம் ‘எ’யைக் கொஞ்சம் அகலமாகச் சொல்.

மேலே உள்ள கோடு சுருதி. யொரூபா மொழியில் ஒவ்வொரு அசைக்கும் மேல், நடு, கீழ் என்று மூன்றில் ஒரு சுருதி உண்டு. இடமிருந்து வலமாக ஏறும் கோடு மேல் சுருதி, இறங்கும் கோடு கீழ்ச் சுருதி, கோடே இல்லாவிட்டால் நடு. ச, ரி, க என்று பாடிப் பார், அதேதான். சுருதி மாறினால் சொல்லே மாறிவிடும். ‘ஒகோ’ என்பதை எடுத்துக்கொள். இரண்டு அசையும் நடுவில் என்றால் கணவன். இரண்டாவதை ஏற்றினால் மண்வெட்டி. இரண்டாவதை இறக்கினால் வண்டி, படகு. இரண்டையும் இறக்கினால் ஈட்டி. படகைக் கேட்கப் போய் ஈட்டியைக் கேட்டுவிடாமல் இருக்கத்தான் அந்தக் கோடு.

இந்தச் சுருதியை வைத்து அங்கே மேளத்தையும் பேச வைக்கிறார்கள். ‘துந்துன்’ என்று பெயர். நம் உடுக்கை மாதிரி இடை சிறுத்திருக்கும். உடுக்கையின் நடுக்கயிற்றை அழுத்தினால் சுருதி ஏறுகிறதல்லவா? அதேபோல அக்குளில் இடுக்கி அழுத்தி, பேச்சின் ஏற்ற இறக்கத்தை அப்படியே கொட்டுவார்கள். கேட்பவர்கள் வாக்கியத்தைப் புரிந்துகொள்வார்கள்.

இன்னொன்று. ஜி எழுத்தும் பி எழுத்தும் சேர்ந்து வந்தால் (இக்போ, மாமா அக்பா) ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்லாதே. உதடும் தொண்டையும் ஒரே நொடியில் அடைத்துத் திறக்க வேண்டும். கண்ணாடி முன்னால் பத்துத் தடவை சொன்னால் பிடிபடும். அடெயெமி தன் கதையில் வரும் நாட்டுக்கு ‘ஒரிஷா’ என்று வைத்த பெயரில் ஐ எழுத்தின் மேல் இரண்டு புள்ளி இருக்கும். அது அவர் நாவலுக்காக வைத்த எழுத்து. யொரூபா தெய்வங்களைக் குறிக்கும் ‘ஒரிஷா’ என்ற நிஜச் சொல்லில் மூன்று அசையும் கீழ்ச் சுருதி.

எட்டாம் வகுப்புப் படிக்கும் மகள் இந்த மாதிரிப் புத்தகங்களைக் கேட்கிறாள். அவள் ராத்தா வாங்கித் தருகிறேன் என்கிறாள். சாமிகள், மந்திரம் எல்லாம் வருகிறதாம். வயதுக்கும் மார்க்கத்துக்கும் பொருந்துமா என்று தயக்கமாக இருக்கிறது.
– ஓர் உம்மா, கீழக்கரை

நாவல்களில் என்ன இருக்கிறது என்பதை ஒளிக்காமல் சொல்கிறோம், முடிவு உங்களுடையது. ‘சில்ட்ரன் ஆஃப் பிளட் அண்ட் போன்’, ‘ஸ்கின் ஆஃப் தி ஸீ’ இரண்டிலும் பாத்திரங்கள் ஒரிஷாக்களை நேரடியாக வேண்டுகிறார்கள். அது நாவலுக்காகக் கற்பனை செய்த வழிபாடு அல்ல. நைஜீரியா, பெனின், பிரேசில், கியூபா நாடுகளில் இன்றும் மக்கள் கடைப்பிடிக்கும் சமயம். மகளிடம் இதை முன்பே சொல்லிவிடுங்கள்: ‘இது அந்த மக்களின் நம்பிக்கை, நாம் கதையாகப் படிக்கிறோம்.’ ‘அகாட்டா விட்ச்’சில் வழிபாட்டைவிட மந்திரக் கல்விதான் அதிகம். எதையாவது புதிதாகக் கற்றுக்கொண்டால் மேலிருந்து உலோகக் காசு விழுகிற உலகம் அது. பிள்ளைகளைக் கடத்தும் கொலைகாரன் ஒருவன் வருகிறான். 12 வயதுக்கு மேல் தாங்கும்.

நமீனா ஃபோர்னாவின் ‘தி கில்டட் ஒன்ஸ்’ (2021) இப்போது வேண்டாம். பதினாறு வயதுப் பெண்ணின் உடலில் ஓடும் தங்க இரத்தத்துக்காக அவளை மறுபடி மறுபடி கொல்கிறார்கள். எழுத்தில் குறையில்லை, ஆனால் 15, 16 வயதாவது ஆகட்டும். எட்டாம் வகுப்புக்கு நிம்மதியாகக் கொடுக்கக்கூடியது க்வாமி எம்பாலியாவின் ‘டிரிஸ்டன் ஸ்ட்ராங் பஞ்சஸ் எ ஹோல் இன் தி ஸ்கை’ (2019). நண்பனை இழந்த துக்கத்தில் இருக்கும் பையனின் கதை. அனன்சி என்னும் தந்திரக்காரச் சிலந்தி வருகிறது.

மகளோடு நீங்களும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. ஹௌஸா, வொலோஃப், சுவாஹிலி மொழிகளை அரபு எழுத்தில் எழுதும் பழைய மரபு ஆப்பிரிக்காவில் உண்டு, ‘அஜமி’ என்பார்கள். உங்கள் ஊர் மாப்பிள்ளை லெப்பை ஆலிம் அவர்கள் (மறைவு 1898) எழுதிய அரபுத்தமிழும் அதே வழியில் வந்ததுதான். வீட்டில் பழைய அரபுத்தமிழ்க் கிதாபு இருந்தால் எடுத்து மகளிடம் காட்டுங்கள். ‘அகாட்டா’ நாவல்களில் ‘ந்சிபிடி’ என்ற எழுத்து வருகிறது. தென்கிழக்கு நைஜீரியாவில் நிஜமாகவே புழங்கிய குறியீட்டு எழுத்து அது. ஒரு மொழியை எத்தனை விதமாக எழுதலாம் என்ற பேச்சு அங்கிருந்து தொடங்கும். மொராக்கோப் பயணி இபுன் பதூதா 1340களில், அரபுகள் ‘மஅபர்’ என்று அழைத்த நம் கரைக்கு வந்தவர். அவரே 1352இல் மாலி நாட்டுக்குப் போய், பறவை முகமூடி அணிந்த பாணர்கள் அரசவையில் பழங்கதை பாடியதை எழுதி வைத்திருக்கிறார். அதையும் அவளிடம் சொல்லுங்கள்.

‘மாமி வாட்டா’ என்ற கடல்கன்னி நம்ம ஆவுளியாதானா?
– மீனவர், மண்டபம்

தொடர்பு இருக்கிறது, ஆனால் சுற்றுவழியில். மேற்கு ஆப்பிரிக்க ஆறுகளிலும் கழிமுகங்களிலும், ஆவுளியா என்னும் கடற்பசுவின் ஒன்றுவிட்ட உறவான மனாட்டி வாழ்கிறது. அதையும் மாமி வாட்டாவையும் பல கரைகளில் சேர்த்துப் பேசுகிறார்கள். ஆனால் பாம்பைத் தோளில் சுற்றிய நீள்முடிப் பெண்ணாக மாமி வாட்டாவை இன்று வரைவதற்குக் காரணம், 1880களில் ஜெர்மனியின் ஹாம்பர்க் நகரில் அச்சான ஒரு பாம்பாட்டிப் பெண் படம். அது ஆப்பிரிக்கா போய்ச் சேர்ந்தது. 1950களில் அதே படத்தைப் பம்பாயில் ஒரு நாள்காட்டி நிறுவனம் மறுபடி அச்சிட்டு கானாவுக்கு அனுப்பியது. டோகோ, பெனின் பகுதிகளில் மாமி வாட்டா வழிபாட்டிடங்களில் நம் நாட்டுச் சாமி படங்களையே மாட்டியிருப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள்.

நடாஷா போவெனின் ‘ஸ்கின் ஆஃப் தி ஸீ’ (2021) உங்களுக்கு ஏற்ற நாவல். அடிமைக் கப்பல்களிலிருந்து கடலில் வீசப்பட்டு இறந்தவர்களின் உயிரைச் சேகரித்து, ஊர் போய்ச் சேர வாழ்த்தி அனுப்புவது நாயகி சிமியின் கடமை. ஒரு நாள் உயிரோடு ஒரு பையன் கிடைக்கிறான். காப்பாற்றிவிடுகிறாள், அது கட்டளை மீறல். அவளைப் படைத்த தாய் யெமோஜா. ‘மீன்களைப் பிள்ளைகளாகப் பெற்ற தாய்’ என்பது அந்தப் பெயரின் பொருள். யொரூபா நாட்டில் யெமோஜா ஓகுன் என்ற ஆற்றின் தெய்வம். அடிமைகளாகக் கடல் தாண்டியவர்களோடு போய் பிரேசிலில் கடலுக்கே தாயாகிவிட்டாள். சால்வடோர் நகரில் ஆண்டுதோறும் பிப்ரவரி 2 அன்று மீனவர்கள் படகில் பூவும் சீப்பும் வாசனைத் தைலமும் கொண்டுபோய்க் கடலில் விடுகிறார்கள்.

நாவல்களில் வரும் பேயோபாப் மரம் நம் பொந்தன்புளி என்கிறார்களே?
– வாசகர், தேவிபட்டினம்

அதே மரம்தான். ஆப்பிரிக்கா அதன் தாயகம். நம் கரையில் அங்கங்கே நிற்பவை அரபு வணிகர்கள் கொண்டுவந்தவை என்று சொல்வது வழக்கம். எதிர்க்கரை மன்னாரில் பெருக்கமரம் என்பார்கள். நாவலில் அந்த மரம் வரும் பக்கத்தைப் படிக்குமுன் ஒரு தடவை நேரில் போய்ப் பாருங்கள். இலை உதிர்ந்த காலத்தில் வேர் மேலே, தலை கீழே நட்டது போல நிற்கும். கடவுள் கோபத்தில் தலைகீழாக நட்டார் என்ற கதை ஆப்பிரிக்காவில் பல இடங்களில் உண்டு. அடியில் ஆள் நுழையும் பொந்து இருக்கும். செனகல் நாட்டில் கதைப்பாணர்களை மண்ணில் புதைக்காமல் இந்தப் பொந்தில்தான் வைத்தார்கள். நாவலில் யாராவது பேயோபாப் பொந்துக்குள் நுழைந்தால், அது வெறும் ஒளிவிடம்தானா என்று நிறுத்தி யோசித்துப் படியுங்கள்.

ஒரிஷாக்களில் எஷுவைக் கருப்பசாமி என்றும் இடி மின்னலின் தெய்வமான ஷாங்கோவை இந்திரன் என்றும் மாணவர்களுக்கு ஒப்பிட்டுச் சொல்லலாமா?
– பள்ளி ஆசிரியர், ராமநாதபுரம்

செயலை ஒப்பிடுங்கள், ஆளை ஒப்பிடாதீர்கள். ஓகுன் இரும்பின் தெய்வம் (யெமோஜாவின் ஆறு வேறு). கொல்லர், நாவிதர், லாரி ஓட்டுநர் என இரும்பைத் தொட்டுப் பிழைப்பவர்கள் எல்லோரும் அவரை வணங்குகிறார்கள். ஆயுத பூஜையன்று வண்டிக்குச் சந்தனம் வைக்கும் வீட்டுப் பிள்ளைக்கு இதை ஒரே வரியில் சொல்லிவிடலாம்.

ஆளை ஆளாகப் பெயர்த்தால் என்ன ஆகும் என்பதற்கு எஷுவே சாட்சி. எஷு நாற்சந்தியில் நிற்பவர், மனிதர் வேண்டுதலைத் தெய்வங்களிடம் கொண்டுசேர்க்கும் தூதர், சோதித்துப் பார்ப்பவர். 19ஆம் நூற்றாண்டில் சாமுவேல் அஜயி க்ரௌதர் பைபிளை யொரூபாவில் பெயர்த்தபோது சாத்தானுக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார். அந்த ஒரு சொல்லால் இன்றுவரை எஷுவைப் பிசாசு என்று நினைப்பவர்கள் அங்கேயே ஏராளம். போவெனின் நாவலில் எஷு எதிரணியில் நிற்கிறார். அதோடு நின்றால் மாணவர்களுக்குப் பாதிதான் தெரியும்.

ஒப்பீடு உண்மையிலேயே பொருந்தும் இடம் ஒன்று இருக்கிறது. பிறந்து பிறந்து இறந்து, அதே தாய்க்கு மீண்டும் வரும் குழந்தையை யொரூபாவில் ‘அபிக்கு’ என்றும் இக்போவில் ‘ஒக்பான்ஜே’ என்றும் சொல்வார்கள். அடுத்த பிள்ளையைத் தக்கவைக்கப் பெயரிலேயே கெஞ்சுவார்கள்: மாலோமோ என்றால் ‘இனிப் போகாதே’, கொக்குமோ என்றால் ‘இனிச் சாகமாட்டான்’, துரோஜயே என்றால் ‘இருந்து வாழ்வை அனுபவி’. நம்மூரில் பிச்சை, குப்பை, மண்ணாங்கட்டி என்று பெயர் வைத்தது எதற்கு என்று மாணவர்களைத் தாத்தா பாட்டியிடம் கேட்டுவரச் சொல்லுங்கள். அவர்கள் கெஞ்சுவதுபோல் பெயர் வைத்தார்கள், நாம் எமன் சீண்டாதபடி வைத்தோம். வேதனை ஒன்று, வழி வேறு. அந்த வேறுபாட்டைப் பேச ஒரு முழு வகுப்பு வேண்டும்.

மழை முடிந்ததும் புத்தகங்களில் கறுப்புப் புள்ளி விழுகிறது. தடித்த புத்தகம் முதுகு பிளந்துவிட்டது.
– வாசகி, தொண்டி

புள்ளி என்பது பூஞ்சை. உப்புக்காற்று ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்வதால் நம் கரையில் சீக்கிரம் வரும். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி வையுங்கள். புத்தகங்களுக்கு நடுவே விரல் நுழையட்டும். பிளாஸ்டிக் உறை போட்டால் ஈரம் உள்ளேயே நிற்கும்; கழற்றிவிடுங்கள். பூஞ்சை வந்ததை வெளியே கொண்டுபோய் உலர்ந்த மென்தூரிகையால் தட்டி, நிழலில் விசிறிக்கு முன்னால் இரண்டு மூன்று மணி நேரம் பிரித்து நிறுத்துங்கள். வெயிலில் காய வைத்தால் பசை உருகித் தாள் உதிரும். ராமபாணப் பூச்சிக்கு மாதம் ஒரு முறை எடுத்துத் தூசி தட்டி அடுக்குவதுதான் மருந்து.

முதுகு பிளப்பது முதல் நாளே நடுவில் பிரித்து அழுத்துவதால். 500 பக்கப் புத்தகம் வந்ததும் முன்னாலிருந்து 15 தாள், பின்னாலிருந்து 15 தாள் என மாற்றி மாற்றி மெதுவாக அழுத்தி, நடுவுக்கு வாருங்கள். ஐந்து நிமிட வேலை.

இந்த நாவல்களில் ஒன்றைத் தமிழில் பெயர்க்க ஆசை. எதைக் கவனிக்க வேண்டும்?
– வாசகர், சாயல்குடி

அச்சிட வேண்டுமானால் உரிமை பெற்றவரிடம் எழுத்தில் அனுமதி வேண்டும். பயிற்சிக்காக வீட்டில் பெயர்ப்பதற்குத் தடையில்லை. முதலில் 20 பக்கம் அப்படிச் செய்து பாருங்கள். சினுவா அச்செபேயின் புகழ்பெற்ற 1958ஆம் ஆண்டு நாவலான ‘திங்ஸ் ஃபால் அபார்ட்’டை என்.கே. மகாலிங்கம் ‘சிதைவுகள்’ என்று தமிழுக்குக் கொண்டுவந்திருக்கிறார். இக்போ வாழ்க்கை தமிழில் எப்படி ஒலிக்கிறது என்பதற்கு அதை மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

உணவுப் பெயர்களை மாற்றாதீர்கள். ஃபுஃபுவைக் களி என்று எழுதினால் ஊரே மாறிவிடும். முதல் தடவை ‘கிழங்கை இடித்துத் திரட்டிய ஃபுஃபு’ என்று எழுதி, பிறகு ஃபுஃபு என்றே விடுங்கள். மந்திரத்தைக் குறிக்கும் ஜூஜூவைச் சூனியம் ஆக்க வேண்டாம். நம் சூனியம் கெடுதிக்கு மட்டும். ஜூஜூ நல்லதுக்கும் உண்டு. ஒரிஷாவைத் தேவதை என்றும் சொல்ல வேண்டாம், ஒரிஷா போதும்.

கைகளுக்குச் சிக்காத சொல் ‘மாஸ்க்வரேட்’. அகராதி பார்த்து ‘முகமூடி ஆட்டம்’ என்று எழுதினால் ஒகோராஃபோரின் பக்கங்கள் செத்துவிடும். இக்போ மரபில் அது எறும்புப் புற்று வழியாக மண்ணுக்கடியிலிருந்து எழுந்துவரும் மூதாதை ஆவி. உள்ளே ஓர் ஆள் இருக்கிறான் என்று வாய்திறந்து சொல்வதே குற்றம். முகமூடியைக் கழற்றுவது ஆவியைக் கொல்வதற்குச் சமம். நம்மிடம் சாமியாடியைக் காட்டி ‘இன்னார் ஆடுகிறார்’ என்று யாரும் சொல்வதில்லை. ‘சாமி வந்திருக்கு’ என்கிறோம். அந்த இலக்கணத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ‘முகமூடி அணிந்தவர் ஆடினார்’ என்று எழுதாமல், ‘ஆவி வந்தது, ஆடியது’ என்று ஆவியையே எழுவாயாக்குங்கள். ஒரு பத்தியை இரண்டு விதமாகவும் எழுதி, சாயல்குடிப் பக்கம் கொடையில் சாமி பார்த்துப் பழகிய ஒரு பெரியவருக்கு வாசித்துக் காட்டுங்கள். எதைக் கேட்கும்போது அவர் நிமிர்ந்து உட்காருகிறாரோ, அந்த வாக்கியத்தை வைத்துக்கொள்ளுங்கள்.